ஒரு சதுர அடி ஓட்டை

பரந்தனில் ஏ9 வீதிக்கரையில் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இரவு பத்து மணிக்குப் பிறகு டிப்பரும் லொறியும் ஓடுற இரைச்சலில் பிள்ளைக்குப் படிக்கவும் ஏலாது, மாமிக்கு நித்திரை கொள்ளவும் ஏலாது. வீட்டுக்கு முன்னால் வேம்பு நட்டால் குறையுமோ? இல்லாட்டி முன்சுவருக்கு இன்னொரு வரிசை கல் வைப்பமோ?"

இரண்டுக்கும் காசையும் பாட்டையும் செலவழிக்க வேண்டாம். வேம்பை நிழலுக்காகத் தாராளமாக நடுங்கள். ஆனால் ஒரு வரிசை மரத்துக்குள்ளால் ஒலி தாராளமாக வந்துவிடும். காது உணருமளவுக்குக் குறைய வேண்டுமென்றால் பல பத்து மீற்றர் அகலத்துக்கு அடர்ந்த பற்றை வேண்டும். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் அப்படித்தான். காற்றுப் புகும் வேலியில் ஒலியும் புகும். சுவருக்குக் கல் வைப்பது ஏன் வீண் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது.

சத்தத்தை அளக்கும் அலகான டெசிபெல் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தால் போதும். 10 டெசிபெல் குறைந்தால் ஒலிச் சக்தி பத்தில் ஒன்றாகும், 20 குறைந்தால் நூறில் ஒன்று, 40 குறைந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. காதுக்கோ, 10 குறைந்தால் ஏறக்குறைய பாதிச் சத்தம்போல இருக்கும்.

சரி, இப்போது உங்கள் முன்சுவரைப் பாருங்கள். பத்தடி அகலம், பத்தடி உயரம், மொத்தம் 100 சதுர அடி. சீமெந்துக் கல்லில் கட்டி இரண்டு பக்கமும் பூசிய சுவர் 40 டெசிபெல்லைத் தடுக்கும் என்று வைப்போம். அந்தச் சுவரில் 10,000 பங்கு ஒலி வந்து மோதினால் உள்ளே வருவது ஒரே ஒரு பங்கு. நல்ல சுவர்.

ஆனால் யன்னலுக்கு மேலே காற்றுப் போக வைத்த துளைக் கற்களின் ஓட்டைகளையெல்லாம் சேர்த்தால் ஒரு சதுர அடி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சதுர அடியிலும் 100 பங்கு மோதுகிறது. ஓட்டை எதையும் தடுக்காது, 100 பங்கும் உள்ளே வந்துவிடும். மிச்சம் 99 சதுர அடிச் சுவர் முழுவதும் சேர்ந்து விடுவது ஒரு பங்கு, ஒரு சதுர அடி ஓட்டை மட்டும் விடுவது நூறு பங்கு! 40 டெசிபெல் சுவர் 20 டெசிபெல் சுவராகிவிட்டது. இப்போது இன்னொரு வரிசை கல் வைத்துச் சுவரை 50 டெசிபெல் ஆக்குங்கள். உள்ளே வருவது 101 பங்கிலிருந்து 100 பங்காகும், அவ்வளவுதான். அதே ஓட்டையைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் வருவது 11 பங்கு. உள்ளே சத்தம் பாதியானதுபோல் கேட்கும். ஒரு கல்லும் வாங்கவில்லை.

மாங்குளத்தில் எங்கள் அக்கா வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அத்தான் வெளியே ரோச் லைற்றோடு நடந்தார். உள்ளே துளைக் கற்கள் எதிர்ச்சுவரில் கட்டம் கட்டமாக விழுந்தன. கதவுக்குக் கீழே நீளமாக ஒரு கோடு. சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் பல்வரிசைபோல வெளிச்சம். அக்காவின் மகள் சோக்கட்டியால் ஒவ்வொன்றையும் அடையாளம் போட்டாள். வெளிச்சம் வரும் ஓட்டையாலெல்லாம் ஒலியும் வரும், அதில் சந்தேகமில்லை. கதவின் அடிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி அடித்தோம். ஓட்டு இடைவெளியை வீதிப் பக்கம் மட்டும் சாந்தால் அடைத்தோம். அன்றிரவே வித்தியாசம் தெரிந்தது.

முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அறைக்குள் எதிரொலி சற்றுக் குறையலாம். பாரமில்லாத கடதாசி, வெளியிலிருந்து வரும் லொறியை நிறுத்தாது.

காற்றை என்ன செய்வது? வன்னி வெயிலில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு யாரும் இருக்க முடியாது. முதல் வழி, வீதிப் பக்கத் துளைகளை மூடி அதே அளவு துளைகளைப் பின்பக்கத்தில் திறப்பது. வீடே வீதிக்கு ஒரு மதிலாக நிற்பதால் குசினிப் பக்கம் எப்போதும் அமைதி கூட. வீதிப் பக்கம் காற்று வேண்டியே ஆகவேண்டும் என்றால், துளைக்கு உள்ளே ஒரு மரப்பெட்டி அடியுங்கள். வெளிக்காற்று பெட்டியின் அடியால் புகுந்து, மேலே ஏறி, அறைக்குள் வர வேண்டும். உட்சுவரெல்லாம் தும்பு மெத்தைத் துண்டு. காற்று வளைந்து வருவதற்குக் கவலைப்படாது. ஒலியோ ஒவ்வொரு வளைவிலும் தும்பில் மோதும். நார்களுக்கு நடுவே காற்று அங்குமிங்கும் உரசி, ஒலிச் சக்தி வெப்பமாகிக் கரையும். ஹோர்ண் சத்தமும் ரயர் இரைச்சலும் இதில் நன்றாக அடங்கும்.

டிப்பரின் உறுமல் அடங்காது. அந்த உறுமல்போன்ற தாழ்ந்த, 100 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு நூறு அதிர்வு) ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீற்றர், ஓரடி வளைவு அதற்கு ஒரு பொருட்டேயில்லை. அதைத் தடுக்கப் பாரம்தான் வேண்டும். தகரக் கூரையென்றால் அது கூரையாலேயே இறங்கும்.

இந்தப் பெட்டிக்கு எத்தனை அடி நீளம், எத்தனை அங்குலத் தும்பு என்று எங்கள் வீடுகளில் அளந்து சொல்ல ஆள் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கதவு யன்னலைப் பூட்டி வாழும் குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதிய விடைகள் நமக்குப் பாதிதான் உதவும். மாணவர்கள் இரண்டு பேருக்கு ஒலிமானியும் ஒரு வருடச் செலவும் கொடுப்பது பெரிய தொகையில்லை. படுக்கையறைக்கு 30 டெசிபெல்லுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இலேயே எழுதிவிட்டது. "பழகிவிடும்" என்று சொல்பவர்களுக்கு: தூங்குபவர் விழிக்காவிட்டாலும், லொறி போகும்போது அவருடைய இதயத் துடிப்பு ஏறுகிறது. இரவில் இடி முழக்கத்துக்கே திடுக்கிட்டு எழும்பும் மாமிமார் இங்கே நிறையப் பேர். அவர்களுடைய நித்திரை எனக்குச் சின்ன விடயமில்லை.

ஒன்று கேட்க மறந்தார் அந்த வாசகி, நானே சொல்கிறேன். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் வீதிக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளுக்குச் சத்தம் கூடும். உயரத்தில் காற்று வேகம் கூடுவதால், காற்றுப் போகும் திசையில் ஒலி மண்ணை நோக்கி வளைந்து இறங்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் மேற்கே இருப்பவர்களின் முறை. முகில் இல்லாத இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுவதால் இரண்டு பக்கமும் அப்படியே வளையும். அதனால் பெட்டி அடிக்கும் வேலையைப் பகலில் முடித்து, காது கொடுத்துச் சோதிப்பதை இரவு பத்து மணிக்கு வையுங்கள்.