ஓட்டத்தின் எல்லையை வகுப்பது நுரையீரலா, இதயமா?

விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் தவறாமல் சந்திக்கும் சோதனை ஒன்று உண்டு. முகத்தில் காற்றுப் புகாத முகமூடி, மார்பில் இதயத்துடிப்பு அளக்கும் பட்டை, காலடியில் டிரெட்மில். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை வேகமோ ஏற்றமோ கூட்டப்படும். இனி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்று கைப்பிடியைப் பற்றும்வரை ஓட வேண்டும். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். முடிவில் கிடைப்பது ‘விஓ2 மேக்ஸ்’ என்ற எண். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை அது சொல்கிறது. இப்போது கைக்கடிகாரங்களும் இந்த எண்ணைக் காட்டுகின்றன. அவை இதயத்துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கின்றன. ஆய்வுக்கூடமோ மூச்சையே அளக்கிறது.

கணக்கு எளிமையானது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். உச்ச வேகத்தில் ஓடும் ஒருவரின் வெளிமூச்சில் அது 17.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை வெளியேற்றினால், ஏறத்தாழ 3.1 லிட்டர் ஆக்சிஜன் உடலுக்குள் செலவாகியிருக்கிறது. எடை 70 கிலோ என்றால், ஒரு கிலோவுக்கு 44 மில்லிலிட்டர். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான இளைஞருக்கு இது இயல்பான அளவு. உலகத் தரமான நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களில் பலர் 70ஐத் தாண்டுவார்கள்.

1920களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உடலியல் பேராசிரியராக இருந்த ஏ.வி. ஹில், முதுகில் ஒரு பையைச் சுமந்து, தன் வெளிமூச்சை அதில் சேகரித்தபடி புல்தரையில் வட்டமாக ஓடினார். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கூடியது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைக் கூட்டினாலும் ஆக்சிஜன் அளவு ஏறவில்லை. உடலுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்ற கருத்து அந்த ஓட்டங்களிலிருந்துதான் வலுப்பெற்றது. தன் உடலையே கருவியாக்கிக்கொண்ட அந்தத் துணிவு இத்துறையின் நல்ல மரபு. சோதனையில் தானே ஓடிப் பார்க்காத மாணவருக்கு இந்தப் பாடம் முழுமையாகப் பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அந்த வரம்பை வைப்பது யார்? மூச்சு வாங்குவதால் எல்லோரும் நுரையீரலைத்தான் சொல்வார்கள். ஆனால் ஆரோக்கியமான பெரும்பாலானவர்களில், உச்சகட்ட ஓட்டத்தின்போதும் நுரையீரலைவிட்டு வெளியேறும் இரத்தம் ஏறக்குறைய நிரம்ப ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. நுரையீரல் தன் வேலையைச் செய்துவிட்டது. (மிகச் சிறந்த வீரர்கள் சிலரில் மட்டும், இதயம் இரத்தத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளுவதால், அது நுரையீரலில் நிரம்புவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை.)

தசைகளா? 1985இல் ஆண்டர்சனும் பெங்க்ட் சால்டினும் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. ஒரு காலின் முன்தொடைத் தசையை மட்டும் இயங்கவைத்து, அதற்குள் பாயும் இரத்தத்தை அளந்தார்கள். அந்தச் சிறிய தசை வாங்கிக்கொண்ட இரத்தம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். உடலின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் அதே அளவு கேட்டால், எந்த இதயத்தாலும் கொடுக்க முடியாது. தெருவில் எல்லா வீட்டுக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்தால் மேல்நிலைத் தொட்டி திணறுவது போலத்தான்.

ஆக, முழு உடலும் இயங்கும் ஓட்டத்தில் வரம்பு பெரும்பாலும் இதயத்திடம் இருக்கிறது. பயிற்சியால் உச்ச இதயத்துடிப்பு கூடுவதில்லை; ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் கூடுகிறது. சாதாரண இளைஞரின் இதயம் உச்சத்தில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளினால், தேர்ந்த வீரரின் இதயம் 35 லிட்டருக்கு மேல்கூடத் தள்ளும்.

ஆனாலும் விஓ2 மேக்ஸ் எண் மட்டுமே பந்தயத்தில் யார் வெல்வார் என்று சொல்லிவிடாது. 1969இல் மாரத்தானை 2 மணி 8 நிமிடம் 33 விநாடிகளில் ஓடி முடித்த ஆஸ்திரேலியரான டெரெக் கிளேட்டனின் விஓ2 மேக்ஸ் 70ஐக்கூட எட்டவில்லை. குறைந்த ஆக்சிஜனில் அதிக வேகம் ஓடும் சிக்கனமும், உச்சத்துக்கு மிக அருகிலேயே நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறனும் அவருக்கு இருந்தன.

இதயத்தின் பங்கை இன்னும் தெளிவாகக் காட்டியது 1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வு. இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். அவர்களின் விஓ2 மேக்ஸ் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறிய இரத்தம் குறைந்ததே முக்கியக் காரணம். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் அழைத்து அளந்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய அளவுக்கு முப்பது ஆண்டு முதுமை அவர்கள் திறனைக் குறைத்திருக்கவில்லை. பிறகு ஆறு மாதம் படிப்படியான பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அவர்களின் சராசரி, இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்குத் திரும்பியது. ஆனால் இம்முறை இதயம் தள்ளிய இரத்தத்தின் உச்ச அளவு கூடவில்லை. வந்த இரத்தத்திலிருந்து முன்பைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளத் தசைகள் பழகியிருந்தன.