வலி மாத்திரையும் தலைகீழ்க் கணக்கும்

டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்தைத் தொலைக்காட்சியில் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய அமெரிக்காவில் சட்டம் இடம் தருகிறது. 1999 மே மாதம் அங்கே அனுமதி பெற்ற மூட்டுவலி மாத்திரை வயாக்ஸ். 2000-ஆம் ஆண்டில் மட்டும் அதை மக்களிடம் கொண்டு சேர்க்க, அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் சுமார் 16 கோடி டாலர் செலவிட்டது. அதே ஆண்டில் பெப்சி பானத்துக்கு ஆன விளம்பரச் செலவே அதைவிடக் குறைவு.

வயிற்றைப் புண்ணாக்காது என்பதுதான் வயாக்ஸின் விற்பனைச் சரக்கு. அதை நிரூபிக்க நடந்த 'விகர்' ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 8,076 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 50 மி.கி. வயாக்ஸ், மீதிப் பேருக்குப் பழைய மருந்தான நாப்ராக்சன், 500 மி.கி. வீதம் இரண்டு வேளை. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு போன்றவை நாப்ராக்சன் குழுவில் 121 பேருக்கு வந்தன, வயாக்ஸ் குழுவில் 56 பேருக்கு. மாரடைப்போ எதிர்ப்பக்கம் சாய்ந்தது: வயாக்ஸ் 0.4 சதவீதம், நாப்ராக்சன் 0.1 சதவீதம்.

இந்த ஆய்வைப் பற்றிய கட்டுரை 2000 நவம்பரில் வெளியானது. வயிற்றுக் கணக்கில் நாப்ராக்சனை அடிப்படையாக வைத்து, வயாக்ஸ் ஆபத்தைப் பாதியாக்கியது என்றார்கள். இதயக் கணக்கில் அடிப்படையே இடம் மாறியது: நாப்ராக்சன் மாரடைப்பைக் குறைத்ததாம்! ஒரே எண்ணை 'இது காப்பாற்றியது' என்றும் எழுதலாம், 'அது கெடுத்தது' என்றும் எழுதலாம். போதாததற்கு, வயாக்ஸ் குழுவில் மேலும் மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் இடம்பெறவில்லை. இதயப் பாதிப்புகளைக் கணக்கெடுக்கும் கடைசி நாளை, வயிற்றுப் பாதிப்புகளுக்கு வைத்த நாளுக்கு முன்னதாகவே முடித்திருந்தார்கள். கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுத நேர்ந்தது.

நாப்ராக்சன் இதயத்தைக் காக்கிறது என்பது வெறும் ஊகம், அதைச் சொல்லி ஆபத்தைச் சிறிதாக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2001 செப்டம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மருந்தின் குறிப்புத் தாளில் எச்சரிக்கை ஏறியது 2002 ஏப்ரலில்தான்.

ஊகத்தை முடித்துவைத்தது இன்னொரு ஆய்வு. பெருங்குடல் கட்டி இருந்த 2,586 பேரில் 25 மி.கி. வயாக்ஸை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ரத்தக்கட்டு தொடர்பான பாதிப்புகள் வயாக்ஸில் 46, வெற்று மாத்திரையில் 26. சாக்குச் சொல்ல நாப்ராக்சன் அங்கே இல்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டின் இறுதிக்குள் இந்தியாவிலும் தடை வந்தது. 2007-இல் வழக்குகளை முடிக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 485 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். அந்த மாத்திரையின் இரண்டு ஆண்டு விற்பனையைக்கூட அது எட்டவில்லை.

இந்தியாவில் எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளை, அதாவது டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளை, மத்திய அரசின் முன் அனுமதியின்றி விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் இங்கே விளம்பரம் மெடிக்கல் ரெப்பின் பையில் வருகிறது. மருந்து நிறுவனங்களுக்கான 2024-இன் சந்தைப்படுத்தல் நெறிமுறை, டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கூடாது என்கிறது. விளக்கமில்லாமல் 'பாதுகாப்பானது' என்ற சொல்லையும் தடுக்கிறது. ஆனால் புகாரை முதலில் விசாரிப்பது மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் குழுவேதான்.

'50 சதவீதம் குறைக்கும்' என்று யார் சொன்னாலும், நூறு பேரில் எத்தனை எத்தனையாகக் குறைந்தது, எதோடு ஒப்பிட்டு, எத்தனை மாதம் கொடுத்து என்று கேளுங்கள். பக்கவிளைவு தெரிந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் செய்யலாம். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, தொந்தரவு வந்த தேதி, பேட்ச் எண் ஆகியவை கையில் இருந்தால் நல்லது. நான்கு மாத்திரை மட்டும் வெட்டித் தரும்போது பேட்ச் எண் உள்ள ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். பில்லில் அந்த எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.