தவணை ஏன் தள்ளிப்போகிறது? வன்னியில் வழக்கு வைத்திருப்பவர்களுக்கு

வன்னியில் வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகளிடம் அதிகம் கேட்கப்படுவது சட்டக் கேள்வி அல்ல. "அடுத்த தவணையிலாவது எடுப்பினமா?" என்பதுதான். எதிராளி யாரையோ பிடித்து வழக்கை இழுத்தடிக்கிறான் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது: உங்கள் வழக்கின் முறை வருவதற்குள் நீதிபதியின் நேரம் முடிந்துவிடுகிறது.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சிறிய ஊர்களில் ஒரே நீதிபதி மாவட்ட நீதிபதியாகவும் நீதவானாகவும் இருப்பது புதிதல்ல. காலையில் அமர்வு தொடங்கியதும் முதலில் வருவது கைதானவர்கள். சாதாரணக் குற்றங்களில் கைதான ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதைப் பின்னுக்குத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. அடுத்து விளக்கமறியலில் உள்ளவர்கள், பிணை விண்ணப்பங்கள். பிறகு மணல் ஏற்றிய டிப்பர், கசிப்பு, காட்டுமரம், வீதி விபத்து என்று பொலிஸ் கொண்டுவரும் வழக்குகள். இவ்வளவும் முடிந்துதான் சாட்சி விசாரணை. அதற்குள் மதியமாகிவிடும். எல்லைக் காணி வழக்குக்காகக் காலையிலிருந்து வாங்கில் குந்தியிருந்தவருக்கு அடுத்த திகதி சொல்லப்படும்.

வன்னிக்கே உரிய இன்னொரு சுமையும் உண்டு. 2018இல் மன்னார் சதொச வளவிலும், 2023இல் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோதும் மனித எலும்புகள் வெளிப்பட்டன. இரண்டு இடத்திலும் அகழ்வு நீதிமன்றத்தின் மேற்பார்வையில்தான் நடந்தது. அது நடந்தே ஆகவேண்டிய வேலை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய வழக்கு எது? ஆனால் நீதிபதி புதைகுழிக்குப் போகிற நாளில் ஆசனம் வெறுமையாக இருக்கும். இந்த வேலைக்கென்று இன்னொரு நீதிபதியை நியமிக்காமல் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால், புதைகுழி விசாரணையும் இழுபடும், அன்றாட வழக்கும் இழுபடும்.

புதுக் கட்டடம் திறந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். யுத்தம் முடிந்தபிறகு வன்னியில் கட்டடங்கள் வந்தன, நல்லதுதான். ஆனால் சாட்சி ஒருவர் கூட்டில் ஏறிப் பேசுவதற்கு நீதிபதி, சுருக்கெழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், வழக்கேடு, சாட்சிக்காரர் எல்லாமே ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைய தவணை வீண். இங்கே பதிவுகள் தமிழில் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் நிபுணர் அறிக்கையோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். போதைப்பொருள் மாதிரி கொழும்புப் பக்கம் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் இடமாற்றத்தில் காலிக்கோ கண்டிக்கோ போயிருப்பார். வன்னி நீதிமன்றங்களுக்கு முதலில் தேவை ஆட்கள்: தனி நீதவான், தனி மாவட்ட நீதிபதி, போதிய மொழிபெயர்ப்பாளர்கள். வைத்தியர் போன்ற சாட்சிகளைத் தூர இடத்திலிருந்தே காணொளி இணைப்பில் விசாரிக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்.

நீதிபதி மாறிப்போவது அடுத்த தலையிடி. பாதி சாட்சி முடிந்த நிலையில் புதியவர் வந்தால், ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை வைத்துக்கொண்டு அவர் தொடரலாம், தேவை என்று கண்டால் முதலிலிருந்தும் தொடங்கலாம். நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இது. குடியியல் வழக்கில் இரு தரப்பும் "பழைய சாட்சியத்தையே ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொன்னால் வருடக்கணக்கில் மிச்சம். எதிராளி மேலுள்ள கோபத்தில் இதற்குச் சம்மதிக்காமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படும். தண்டனை உங்களுக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

ஆனால் மக்கள் அதிகம் இழப்பது நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்னாலேயே. ஒரு வயதான அம்மா கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து வந்தார். பொலித்தீன் பையில் ஒரு காணி அனுமதிப்பத்திரம். இடப்பெயர்வில் நனைந்து, மடிப்புக் கிழிந்து, இலக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். அம்மா கிராம அலுவலரிடம் போனார், பிரதேச செயலகத்துக்குப் போனார், கடிதம் கொடுத்தார், பதிலுக்குக் காத்திருந்தார். சட்டத்தரணியிடம் வந்தபோது நாலு மாதம் ஓடிவிட்டது.

இங்கேதான் கவனம் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, சமாதானம் குலையக்கூடிய காணிப் பிணக்குகளுக்கென்றே உள்ள குறுக்குப் பாதை. பெரும்பாலும் சத்தியக் கடதாசிகளை வைத்தே விசாரணை நடக்கும். தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், முடிந்து ஒரு வாரத்துக்குள் கட்டளை வழங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் கூடக்குறையப் பிந்தும்தான். இருந்தாலும் மாவட்ட நீதிமன்ற வழக்கோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்றால், அது நடந்து இரண்டு மாதத்துக்குள் அதைப் பற்றிய தகவல் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். பொலிஸ் தாக்கல் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியுடன் தாக்கல் செய்யலாம். இது பலருக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது. நாலு மாதம் போனபடியால் அவருக்கு மிஞ்சியது மாவட்ட நீதிமன்றம் மட்டுமே, அந்த நீண்ட வரிசை.

கச்சேரிக்கும் கிராம அலுவலரிடமும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், ஆனால் அதே கிழமையில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள், வேலியைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் இரண்டு மாதம் எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வழக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று. தவணை சொல்லப்படும்போது அது வழக்கைக் கூப்பிடும் தவணையா, சாட்சிகளை விசாரிக்கும் விளக்கத் தவணையா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கூப்பிடும் தவணைக்குச் சாட்சிகளைக் கூலி வேலையை விட்டுக் கூட்டிவர வேண்டியதில்லை. விளக்கத் தவணைக்கு ஒரு சாட்சிக்கு வர முடியாவிட்டால், அன்று காலையில் சொல்லாமல் முன்கூட்டியே நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போடச் சொல்லுங்கள். அந்த நேரம் வேறொருவருடைய வழக்குக்காவது உதவும். நீதிபதி விடுமுறையில் போய்ப் பதில் நீதவான் அமர்கிற நாளில் பொதுவாக விளக்கம் எடுக்கப்படுவதில்லை. முதல்நாளே விசாரித்தால் முதல் பஸ்ஸுக்கு ஓடிவந்து வெறுங்கையோடு திரும்பும் செலவு மிஞ்சும். ஆனால் உங்கள் சட்டத்தரணி சொல்லாமல் எந்தத் தவணைக்கும் வராமல் இருந்துவிடாதீர்கள். குடியியல் வழக்கென்றால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, குற்ற வழக்கென்றால் பிடியாணை.

பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமான விபரத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழையும், அடையாள அட்டையையும், கிழிந்ததென்றாலும் பரவாயில்லை, காணிப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.