சத்தம் போடாத நாய்

“கடிக்குது டாக்டர்.” “ராத்திரி பூரா குரைக்குது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க.” “சோபாவைக் கிழிச்சுப் போட்டுடுச்சு.” நாயின் நடத்தையைப் பற்றி என் கிளினிக்குக்கு வரும் புகார்கள் அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். “எங்க நாய் ரொம்ப அமைதியாயிடுச்சு, என்னன்னு பாருங்க” என்று அதற்காகவே ஒருவர் கிளம்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. தடுப்பூசிக்கு வருவார்கள். ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதும்போது பேச்சுவாக்கில் வந்து விழும்: “முன்ன மாதிரி சேட்டை இல்ல டாக்டர், இப்ப சமர்த்தாயிட்டான். யார் வந்தாலும் எழுந்திரிக்கிறதே இல்ல.” பெருமையாகத்தான் சொல்வார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு நாயை மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பிப்பேன்.

போன ஆகஸ்டில் அப்படி ஒரு லாப்ரடார் வந்தான். ஆறு வயது. அட்டையில் முந்தைய வருடத்து எடை 34 கிலோ, அன்றைக்கு 29. லாப்ரடார் தானாக இளைப்பது லேசில் நடக்காது. அந்த இனம் ஒரு வாய் சோற்றுக்குச் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடும். வலது முன்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி போய், தோல் தடித்துச் சிவந்திருந்தது. “எறும்பு கடிச்சிருக்கும்” என்றார் வீட்டுக்காரர். எறும்புக்கடி அப்படித் தடிக்காது. ஒரே இடத்தை மணிக்கணக்கில், வாரக்கணக்கில் நக்கினால்தான் தோல் அந்த மாதிரி ஆகும்.

“வீட்டுல யாராவது வெளியூர் போயிருக்காங்களா?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லையே.”

அவர் மனைவிதான் கொஞ்சம் கழித்து, “பாப்பா போனாளே” என்றார். ஜூன் மாதம் மகளுக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்திருக்கிறது. அதுவரை தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு அவள் ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பும்போதே இவன் வாசலுக்குப் போய்விடுவானாம். இப்போதும் போகிறான். வேறு ஸ்கூட்டி ஏதாவது போனால் காது மட்டும் எழும்பும்; தலை எழும்பாது. ஏழு மணிக்கு மேல் தானாக எழுந்து அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

“அதுக்கு என்ன டாக்டர் தெரியும், அதுபாட்டுக்கு இருக்கு” என்றார் அப்பா.

நியாயமான கேள்விதான். மனிதருக்கு மனச்சோர்வு என்றால் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியும். இங்கே எனக்குக் கிடைப்பதெல்லாம் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, உடம்பை நக்குவது, ஒளிந்துகொள்வது இவற்றில் வந்த மாற்றம் மட்டும்தான். ஆனால் அந்த மாற்றம் வீட்டாரின் கற்பனை இல்லை. 2022-ல் இத்தாலியில், கூட இருந்த இன்னொரு நாயைப் பறிகொடுத்த நாய்களைப் பற்றி 426 பேரிடம் விசாரித்து ஓர் ஆய்வு வந்தது. மிச்சமிருந்த நாய் விளையாடுவது குறைந்தது, தூக்கம் கூடியது, சாப்பாடு குறைந்தது, வீட்டு மனிதரையே ஒட்டிக்கொண்டு திரிந்தது என்றெல்லாம் பலர் சொல்லியிருந்தார்கள். எத்தனை வருடம் சேர்ந்து இருந்தன என்பதைவிட, எவ்வளவு ஒட்டுதலாக இருந்தன என்பதே கணக்கில் வந்தது. வீட்டு மனிதரின் துக்கமும் நாயின் மாற்றத்தோடு சேர்ந்தே போனது. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஸ்வீடனில் 2019-ல் நாயின் முடியையும் அதை வளர்ப்பவரின் முடியையும் சோதித்துப் பார்த்தபோது, இரண்டிலும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவு சேர்ந்தே ஏறி இறங்குவது தெரிந்தது. “பாப்பா போனாளே” என்று சொன்ன அந்த அம்மாவின் குரலை அன்று கேட்டிருந்தால் இதற்கு ஆய்வே தேவையில்லை என்பீர்கள்.

சரி, அப்படியானால் மனசுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடலாமா? கூடாது. இதை என் தப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்த புதிது. வீட்டுப் பெரியவர் இறந்த ஐந்தாம் நாள், அவர் வளர்த்த நாட்டு நாயைக் கூட்டி வந்தார்கள். சோறு தொடவில்லை, அவருடைய ஈசிசேருக்கு அடியிலேயே கிடக்கிறது. “தாத்தாவை நினைச்சு ஏங்குது டாக்டர்” என்று பேத்தி அழுதாள். நானும் நெகிழ்ந்துபோய் ஒரு டானிக் எழுதி, பாசமாக இருங்கள் என்று அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வழியத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். காதுமடலுக்குள் கொத்தாக உண்ணி. தினமும் காலையில் உட்காரவைத்து அதைப் பிடுங்கிப்போட்ட கை தாத்தாவுடையது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாதமாக யாரும் காதைப் பார்க்கவில்லை. 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. அது ஏங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏங்கியது, காய்ச்சலும் இருந்தது. நான் பாதியை மட்டும் பார்த்தேன்.

அதனால் இப்போதெல்லாம் சோர்ந்து வரும் நாய்க்கு முதலில் ஈறு, காது, காய்ச்சல், ரத்தம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல்தான் முதல் சந்தேகம். அப்புறம் பல்லில் சீழ், இடுப்பு மூட்டு வலி, சிறுநீரகம். தைராய்டு குறைந்த நாய் குண்டாகி, வாலில் முடி உதிர்ந்து, எந்நேரமும் படுத்தே கிடக்கும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சுருண்டு படுத்து, தண்ணீரை மட்டும் மடக்மடக்கென்று குடித்தால், அது கர்ப்பப்பையில் சீழ் கட்டியதாக இருக்கலாம். அன்றைக்கே ஓடி வர வேண்டிய சங்கதி. வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றால் காட்டிவிடுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ வாந்தி இருந்தாலோ ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

இன்னொரு வகை அமைதி இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தும். மாடிப்படிக்கு அடியில் மூன்றடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய். முதல் மாதம் குரைக்கும், இழுக்கும், கத்தும். அதட்டல், அடி. நாலைந்து மாதத்தில் அடங்கிவிடும். “பழகிடுச்சு” என்பார்கள். 1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் நாய்களுக்குத் தப்பிக்க வழியில்லாதபடி மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு தப்பிக்க வழி திறந்திருந்த இடத்தில் விட்டபோதும் அவற்றில் பல நாய்கள் எழுந்து தாண்டவில்லை, படுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டன. கொடுமையான சோதனை. அந்த நிலைக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்கிறார்கள். நம் புலவர்களுக்குக் கையறுநிலை என்றால் காத்த வள்ளல் இறந்தபின் பாடும் புலம்பல். சங்கிலி நாய்க்குப் புலம்பலும் இல்லை. அந்த நாய்க்கு நான் எழுதித்தர மருந்து எதுவும் கிடையாது. சங்கிலியை அவிழ்த்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெளியே கூட்டிப் போகச் சொல்வேன்.

லாப்ரடாருக்கு வருவோம். ரத்தத் தட்டணு (உண்ணிக் காய்ச்சலில் இது குறையும்), தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சரி. மணிக்கட்டு எக்ஸ்ரேயும் சரி. புண்ணுக்கு மருந்து, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. அதற்கு மேல் நான் சொன்னதெல்லாம் அவர்களுக்கு வைத்தியமாகவே தோன்றியிருக்காது.

வாக்கிங்கில் அவசரப்படுத்தாதீர்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள் என்றேன். நம் ஆட்கள் வாக்கிங் என்றால் நாயை ஒண்ணுக்குப் போகவைத்து இழுத்துக்கொண்டு திரும்புவார்கள். நாய்க்குத் தெருவோரக் கல் ஒவ்வொன்றும் அன்றைய பேப்பர். 2019-ல் ஓர் ஆய்வில் சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டும், மற்றவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன்பிறகு, தீனி இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகமான கிண்ணத்தை நோக்கி மோப்பம் பிடித்த நாய்கள் முன்பைவிட வேகமாகப் போயின. நம்பிக்கை என்று இதைத்தானே சொல்கிறோம். சாப்பாட்டையும் தட்டில் கொட்டாமல் பழைய துண்டில் சுருட்டிக் கொடுக்கச் சொன்னேன், தேடித் தின்னட்டும்.

வேண்டாம் என்று சொன்னவை மூன்று. சாப்பிடாத நாயின் பின்னாலேயே தட்டோடு அலைந்து கோழிக்கறி ஊட்டுவது. பட்டினி கிடந்தால் கறி வரும் என்று லாப்ரடார் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். துணைக்கென்று ஒரு குட்டி வாங்கிவருவது. சோர்ந்த நாயின் வாலைக் கடிக்க ஒரு குட்டி எதற்கு? அப்புறம், வீடியோ கால். மகள் குரல் கேட்டதும் அவன் போனின் பின்பக்கம் போய்ப் பார்த்து, ஒவ்வொரு அறையாகத் தேடிவிட்டு வந்து ஊளையிட்டானாம். எல்லா நாயும் அப்படிச் செய்யாது. செய்கிற நாய்க்குக் கொஞ்ச நாள் வேண்டாம்.

மாத்திரை இல்லையா என்றால், இருக்கிறது. பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்காவில் 1998-ல் குளோமிப்ரமினும் 2007-ல் ஃபுளுவாக்செட்டினும் நாய்களுக்கென்றே அனுமதி பெற்றன. வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அளவு எடையைப் பொறுத்தது. வீட்டில் யாருக்கோ எழுதித் தந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இவனுக்குத் தேவைப்படவில்லை.

நவம்பரில் மறுபடி வந்தார்கள். 31 கிலோ. காலில் முடி இன்னும் முழுசாக வளரவில்லை. ஆறேகாலுக்கு வாசலுக்குப் போவதை அவன் நிறுத்தவே இல்லை என்றார் அந்த அம்மா. ஆனால் இப்போது அதே நேரத்துக்கு அப்பாவும் கயிற்றோடு வாசலுக்கு வந்துவிடுகிறார். மனிதர் முனகிக்கொண்டேதான் சொன்னார்: “ரெண்டு தெரு போறதுக்கு முக்கால் மணி நேரம் டாக்டர். ஒரு கல்லு விடாம மோந்து பாக்குறான்.”