கடைசிக் கொப்புளம் காயட்டும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரத்தில் பிஞ்சு பிடிக்கும் மாசி, பங்குனியில் ஏதாவதொரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். பரீட்சை நேரமும் அதுதான். காவேரிப்பட்டணத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இதற்காகவே ஒரு சண்டை. ஐந்தாவது படிக்கிற பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகட்டும் என்றார் அப்பா. "மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் ஆயா.

நான் ஆயா கட்சி. காரணம் பையன் முதுகிலேயே இருந்தது. ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் பனித்துளி மாதிரி நீர்கோத்த கொப்புளம், சற்றுத் தள்ளிக் காய்ந்த பொருக்கு. சின்னம்மை வைரஸ் மூக்கு, தொண்டை வழியாகப் புகுந்து, உள்ளே பெருகி, ரத்தத்தோடு தோலுக்கு வருகிறது. ஒரேயடியாக வராமல் சில நாட்களுக்கு அலை அலையாக வரும். முதலில் வந்தது காயும்போதே அடுத்தது முளைக்கும். கொப்புளத்து நீரிலும் வைரஸ் உண்டு, மூச்சுக்காற்றிலும் உண்டு. ஆகவே காய்ச்சல் விட்டதை வைத்துக் கணக்குப் போட முடியாது. புதிதாக எதுவும் முளைக்காமல், இருப்பதெல்லாம் காய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் காய்ந்துவிடும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தலைமுடியை விலக்கியும் பாருங்கள், அங்கே ஒன்று ஒளிந்திருக்கும்.

சரி, இத்தனை கட்டுப்பாடு இருந்தும் வகுப்பில் எப்படிப் பரவுகிறது? முதல் புள்ளி தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். அப்போது பையன் பெஞ்சில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொற்றியவர்களுக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். எல்லாரும் மறந்துபோன சமயத்தில் அந்த நாலு பேரும் ஒரே வாரத்தில் லீவு போடுவார்கள்.

ஆயாவோடு எனக்கு ஒத்துப்போகாத இடம், மாத்திரையே ஆகாது என்பது. டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின்தான் ஆகாது, அரிதாக மூளையையும் ஈரலையும் தாக்கும் கோளாறில் கொண்டுபோய் விடும். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்பா ஒருவழியாக அடங்கினார். தங்கைக்கும் வரலாம் என்றதும், காலண்டரில் 10-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள்வரை பேனாவால் கோடு இழுத்தார். 15-ஆம் நாள் காலையில் தலை பின்னும்போது, அவள் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி.