போட்டோவை இழுத்து நிரப்பாதீர்கள்

அறுபதாம் கல்யாணமோ, காதுகுத்தோ, நினைவஞ்சலியோ, எங்களிடம் வரும் வீடியோ வேலைகளில் பழைய போட்டோக்கள் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. அவற்றைத் திரைக்குப் பொருத்தும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதைப் பார்த்ததும் பலருக்கும் கை பரபரக்கிறது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில், அகலமும் உயரமும் சேர்ந்தே மாறவைக்கும் யூனிஃபார்ம் ஸ்கேல் டிக்கை எடுத்துவிட்டு அகலத்தை மட்டும் கூட்டிவிடுகிறார்கள். பட்டை போய்விடும், சரி. ஆனால் முகம் அகன்று, தோள் பருத்து, படத்தில் இருப்பவர் வேறு யாரோ போல ஆகிவிடுவார். நினைவஞ்சலி வீடியோவில் இதைச் செய்ய எனக்கு மனசே வராது. அந்த முகத்தை அந்தக் குடும்பம் இனி படத்தில்தான் பார்க்க முடியும்.

பட்டை விழுவது மென்பொருளின் குறை இல்லை. வீடியோ 1920×1080 பிக்சல், அதாவது அகலத்துக்கு உயரம் 16:9. டிஎஸ்எல்ஆர் கேமரா படம் 3:2, போன் படம் பெரும்பாலும் 4:3. ஒரு 3:2 படத்தை உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 1620தான் வரும். பக்கத்துக்கு 150 பிக்சல் காலி. அகலத்துக்குப் பொருத்தினால் உயரம் 1280 ஆகி, மேலே 100, கீழே 100 வெட்டுப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை அந்த மேல் 100க்குள் இருக்க வாய்ப்பு அதிகம். படத்தின் இடத்தை மாற்றும் பொசிஷன் அமைப்பில் அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், தலைகள் தப்பிவிடும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் நிரப்பவே வேண்டாம். 1920 அகலத்துக்கு விரித்தால் அதன் உயரம் 2560; திரையில் தெரிவது 1080 மட்டும். அதற்குப் பதில் அதே படத்தின் பிரதி ஒன்றைக் கீழ் டிராக்கில், அதாவது கீழ் அடுக்கில் வைத்து, திரை நிறையப் பெரிதாக்கி, காஸியன் ப்ளர் போட்டு மங்கலாக்கி, வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். மேல் டிராக்கில் முழுப் படமும் நிற்கட்டும். இதற்கு நேரமில்லை என்றால் கறுப்பாகவே விடலாம், அதில் தப்பே இல்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சேதம். பிரீமியரில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்’, ‘செட் டு ஃப்ரேம் சைஸ்’ என்று இரண்டு இருக்கும் (பதிப்பைப் பொறுத்துப் பெயர் மாறலாம்). எதை அழுத்தினாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 6000×4000 படம் ஒன்றில் முதலாவதை அழுத்துங்கள். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பலகத்தில் ஸ்கேல், அதாவது பெரிதாக்கும் சதவீதம், 100 என்றே நிற்கும். படம் 1620×1080 ஆகச் சுருக்கப்பட்டுவிட்டது, மீதி பிக்சல்கள் கைவிட்டுப் போயாச்சு. அப்புறம் அம்மாவின் முகத்தை நோக்கி மெதுவாக ஜூம் போனால் முகம் மங்கும். இரண்டாவதை அழுத்தினால் ஸ்கேல் 27 என்று காட்டும். பிக்சல் எல்லாம் அப்படியே இருக்கிறது. 27லிருந்து 54 வரை, ஏன் 100 வரை போனாலும் படத்தின் கூர்மை குறையாது. நகர்வு கொடுக்கப் போகும் படங்களுக்கு எப்போதும் இரண்டாவதுதான். ஏற்கெனவே முடித்த புராஜெக்ட் இருந்தால் அதைத் திறந்து அந்த ஸ்கேல் எண்ணை ஒருமுறை பாருங்கள்.

டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை, ஜூம் செய்யும்போது அது மூலப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் இமேஜ் ஸ்கேலிங் அமைப்பில் படத்தை இழுத்து நிரப்பும் ‘ஸ்ட்ரெட்ச்’ தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைனல் கட் மென்பொருளில் படத்தைத் திரைக்குப் பொருத்த ஃபிட், ஃபில், நன் என்று மூன்றே வழி. மூன்றிலும் முகம் இழுபடாது.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் கைக்கு வரும் படமே சிறியதாக இருந்தால் பயனில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், குடும்பத்தார் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரியவர்கள் பலருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். 4.5 செ.மீ. உயரமுள்ள அதை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்தால் 531 பிக்சல் உயரம்தான் கிடைக்கும், திரைக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. 1200 டிபிஐ என்றால் 2126 வரும். ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போதே இந்த 1200ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.