ஆண்டுக்கு ஒரே ஒருவர் போதும்

"பிறந்த வீடுதான் நம் மதத்தை முடிவு செய்கிறது என்றால், புது மதங்கள் எப்படிப் பரவின?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

முதல் பாதி பெரும்பாலும் சரி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் எந்த மதத்தில் வளர்ந்தீர்கள், இப்போது எந்த மதம் என்று கேட்டது. 98 சதவீதத்தினர் இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னார்கள். எல்லா நாடும் இப்படியல்ல. தென்கொரியாவில் வயது வந்தோரில் பாதிப் பேர் வளர்ந்த மதத்தில் இப்போது இல்லை.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்த கணக்கு. கி.பி. 40இல் ரோமப் பேரரசில் ஆயிரம் கிறிஸ்தவர்கள் இருந்ததாக வைத்துக்கொண்டார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க். 300இல் அறுபது லட்சத்தை எட்ட எவ்வளவு வேகம் வேண்டும்? பத்தாண்டுக்கு 40 சதவீதம், அதாவது ஆண்டுக்கு மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. முப்பது பேர் உள்ள குழுவில் ஆண்டுக்கு ஒருவர் கூடினால் போதும், அது பிறந்த குழந்தையாகவும் இருக்கலாம். கூட்டு வட்டி மாதிரிதான், முதலில் ஒன்றும் தெரியாது. கி.பி. 100இல் வெறும் 7,500 பேர். 200இல் 2.18 லட்சம். 300இல் 63 லட்சம். அதே வேகத்தில் போனால் 350இல் 3.39 கோடி, பேரரசின் மக்கள்தொகையே ஆறு கோடி அளவுதான்! இது தலை எண்ணிய கணக்கல்ல, ஊகித்துப் போட்ட மாதிரிக் கணக்குதான். ஆனால் இதற்கு அற்புதமும் வேண்டாம், வாளும் வேண்டாம். 312இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் மனம் மாறியது இந்த வெள்ளத்தைப் பார்த்த பிறகே என்றுகூட வாதிடலாம்.

சரி, அந்த ஒருவர் யார்? 1960களில் ஸ்டார்க்கும் இன்னொரு சமூகவியலாளர் ஜான் லோஃப்லண்டும் கொரியாவிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு சிறு மதக் குழுவைக் கூடவே இருந்து கவனித்தார்கள். சொற்பொழிவு, பத்திரிகை விளம்பரம் எதற்கும் ஆள் சேரவில்லை. வந்தவர்கள் நண்பர்கள், அக்கம்பக்கத்தார், உறவினர்கள். வெளியே உள்ள பந்தங்களைவிட உள்ளே உள்ள பந்தங்கள் கனத்தபோது மாறினார்கள். கொள்கையைப் பிறகுதான் ஆழமாகக் கற்றார்கள்.

நம்மூரிலும் இதே தடம்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மைலாடியைச் சேர்ந்த மகராசன் சிதம்பர யாத்திரை போய், தஞ்சாவூரில் மிஷனரி கோல்ஹாஃபின் பிரசங்கம் கேட்டு, கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பி அவர் பேசியது சொந்தபந்தங்களிடம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தபோது கேட்க ஒரு கூட்டம் தயாராக இருந்தது.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். இதில் பிறப்பால் எத்தனை, மாறியோர் எத்தனை? சொல்ல வழியில்லை, படிவம் இன்றைய மதத்தை மட்டும் கேட்கிறது. மதமாற்றம் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம், வளர்ந்த மதம் எது என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்க மாட்டோம். கேட்டாலும் எல்லாரும் உண்மை சொல்வார்களா என்பது வேறு சிக்கல். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. அந்த உரிமை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை கணக்கெடுப்பாளரிடம் பழைய மதத்தைச் சொல்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.